முந்நூற்று நாற்பது அடி

ஒன்பதாவது கட்டம்: விலகலுக்கான காரணம்.
இரண்டு விரல் அகலம்தான் இடம்.

முதல் எட்டும் சுலபமாக இருந்தன.
தேதி, நவம்பர் பத்தொன்பது.
காலை பத்து நாற்பத்திரண்டு.
வேலூருக்கு நேர் மேலே.
வானத்தில் எங்களுக்கு வாடகைக்குக் கிடைத்த அறையில்
முப்பத்தொன்பதாயிரம் அடியில் தரை,
நாற்பத்தோராயிரத்தில் கூரை.
கூரையைத் தாண்டியது முந்நூற்று நாற்பது அடி.
தாண்டி நின்றது பதினேழு வினாடி.
மாடிவீட்டில், நாற்பத்து மூவாயிரத்தில்,
மாலேவுக்குப் போகிற விமானம்
காபி கொடுத்துக்கொண்டிருந்திருக்கும்.

சென்னையிலிருந்து ஒரு பெண்குரல்,
பால் பாக்கெட் கணக்குக் கேட்பவள் மாதிரி நிதானமாக:
உயரத்தைச் சரிபார்த்துச் சொல்லுங்கள்.

இறங்கியதும் தயாபரன் சார் சொன்னார்,
"குலுங்கிச்சுன்னு போட்டுடும்மா ஃபர்ஹத்.
புயல் போன மறுநாள். யார் கேக்கப் போறா?"
நல்ல மனுஷன். ஏற்றியவர் அவர்,
எண்ணிச் சொல்லவேண்டியவள் நான்.

பதிவில் குலுக்கல் இல்லை.
எண்ணெய் தடவினாற்போலக் கோடு
வழுக்கிக்கொண்டு மேலே போகிறது.
குரல்பதிவில் நான் "எண்ணூறு" என்கிறேன்.
அப்புறம் "தொள்ளாயிரம், நிறுத்துங்க" என்று வரவேண்டும்.
ஏழு வினாடி
மூச்சு மட்டும் கேட்கிறது.
என்னுடையதுதான்.

எங்கள் ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்களிடம் ஒரு பட்டியல் உண்டு:
ராஜா இல்லாத கோட்டை,
மரம் இல்லாத மலை,
தண்ணீர் இல்லாத ஆறு.
ஹாஸ்டலில் யாராவது ஆரம்பித்தால்
நானே முந்திக்கொண்டு முடித்துவைப்பேன்:
விமானம் வராத விமான நிலையம்,
அதை விட்டுட்டீங்களே.
மேலே போனபின் இன்னொன்றும் தெரிந்தது.
அத்தனை உயரத்தில் எல்லோரும்
ஆயிரத்துப் பதின்மூன்று என்று முள்ளைத் திருப்பி
ஒரே கடல்மட்டத்தை ஒப்புக்கொள்கிறோம்.
அந்தக் கடல் எங்கும் இல்லை.
இல்லாத கடலிலிருந்து அளந்துதான்
ஒருவர்மேல் ஒருவர் மோதாமல் இருக்கிறோம்.

அந்த ஏழு வினாடியில்
இடதுபக்கச் சன்னலில் கோட்டை வந்தது,
அகழி பச்சை வளையமாக,
கழற்றிவைத்த கண்ணாடி வளையல் அளவு.
அதற்கு வடக்கே
மணலாகவே கிடக்கும் அந்த நீளக் கீறல்
மின்னியது.
ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு
யாரோ தீக்குச்சி கிழித்ததைப் போல.
பாலாறு. தண்ணீரோடு.
என் கையில் பென்சில் இருந்தது,
கண்முன்னே எண்கள் ஏறிக்கொண்டிருந்தன,
பட்டியலில் ஒரு வரி
அடிபட்டுப்போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை ராத்திரி காட்பாடியில் இறங்கி
ஆட்டோ பிடித்தேன்.
பாலத்தின் நடுவில் நிறுத்தச் சொன்னேன்.
"தண்ணியா? முந்தாநாளே வடிஞ்சிடுச்சே" என்றார்.
எட்டிப் பார்த்தேன்.
கரையோரம் ஒரே ஒரு வாய்க்கால்,
தெருவிளக்கை இழுத்துக்கொண்டு போனது.
ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு
சைக்கிளைத் தள்ளி அதைக் கடந்தார்.
கணுக்கால் நனைந்திருக்கும், அவ்வளவுதான்.

கணுக்கால் ஆழத்துக்கு
முந்நூற்று நாற்பது அடி.

"மீட்டர் ஓடுது மேடம்" என்றார் அவர்.

ஆர்.என். பாளையத்தில் எல்லோரும் தூங்கியபின்
எழுதினேன்:
பொறியாளர் உயரத்தை உரக்கச் சொல்லத் தாமதித்தார்.
விமானியின் தவறு இல்லை.
இரண்டு விரல் அகலத்துக்குள் அடங்கிவிட்டது.

பத்தாவது கட்டம்: திரும்ப நடக்காதிருக்க என்ன செய்யலாம்?
சோதனையின்போது இடதுசன்னல் திரையை
இறக்கிவைக்கலாம் என்று எழுதி
அடித்தேன்.
மழைக்காலத்தில் மட்டும், என்று சேர்த்து
மறுபடி எழுதினேன்.
அதையும் அடித்துவிட்டு,
எண்களை இருவர் சொல்வது, என்று போட்டுக்
கையெழுத்திட்டேன்.