குறிப்பு என்ற நிரல்

பட்டிப்பொலவிலிருந்து லொறி வரும்போது காலை நாலரை.
மூடுபனிக்குள் ஆடுகளுக்கு முன்னால்
அவற்றின் இருமல் வந்து சேரும்.

செம்மறி. முப்பத்தாறு உருப்படி.
இறைச்சியில் எனக்கு வேலையில்லை.
ஜவாஹிர் நானா தோலை உரித்துத் தோளைத் திறந்ததும்
கொழுப்புக்குள் விரலை விட்டு
ஒளிந்திருக்கும் அந்த ஒன்றைத் தேடி எடுக்கவேண்டும்.
அவரைக்கொட்டை மாதிரி இருக்கும். சிலது பலாக்கொட்டை.
பேசினில் கழுவி, துணியில் ஒற்றி,
வேணியர் இடுக்கியின் வாய்க்குள் வைப்பேன்.
நீளம். அகலம். தடிப்பு.
விரல் விறைத்துப்போனால்
வெட்டிய ஆட்டின் சூட்டிலேயே கொஞ்சநேரம் வைத்துக்கொள்வேன்.
இதை யாரிடமும் சொன்னதில்லை.

புத்தகத்தில் இதற்கு நிணநீர்க்கணு என்று பெயர்.
எங்கள் லயத்தில் பெயரே இல்லை,
வீங்கினால்தான் பேச்சு வரும்:
"நெறி கட்டியிருக்கு."
கொழுந்து மலையில் அட்டை கடித்து, சொறிந்து, புண்ணாகி,
தொடையிடுக்கில் ஒரு கோலிக்குண்டு உருளும்.
அம்மா மஞ்சளைக் குழைத்துப் பற்றுப் போட்டுக்கொண்டு
மறுநாளும் மலைக்கு ஏறுவாள்,
நின்றால் பேர் விழாது.
கட்டாத நெறியை அங்கே யாரும் தொட்டுப் பார்த்ததில்லை.

டொக்டர் திலகசிறிக்கு வேண்டியது அதுதான்.
"நோய் எவ்வளவு பெரிசு என்று எல்லாரும் எழுதியாச்சு.
சுகம் எவ்வளவு பெரிசு, மிஸ்?"
ஆகவே நல்ல ஆடுகளும் லொறி ஏறின.
ஒன்றுக்கு நேரே சுகம் என்று எழுத
அது முதலில் செத்திருக்க வேண்டும்.

குட்டிகளுக்குப் பெரிசாகவே இருந்தது.
முதன்முதலாய் மேய வந்தவனுக்கு
ஒவ்வொரு புல்லும் ஒரு புது விருந்தாளி, அதனாலாம்.
வயது போகப் போகச் சுருங்கும்.

பதினோராம் இலக்கம் கிழட்டுப் பெட்டை.
இரண்டு தசம் ஆறு சென்ரிமீற்றர். அழகான அளவு.
கத்தியை வைத்தேன், நறநறவென்றது.
உள்ளே வெங்காயம்போல் அடுக்கடுக்காய்ச் சீழ்,
பச்சையாய், காய்ந்து, சுண்ணாம்பாகி.
எத்தனை வருடம் வாயை மூடிக்கொண்டு மேய்ந்ததோ.

பதினேழுக்கு இடுக்கியை இன்னும் இன்னும் திறக்கவேண்டியிருந்தது.
ஐந்து தசம் இரண்டு.
"இத ஒதுக்கி வைங்க தங்கச்சி" என்றார் நானா,
வெட்டுமுன்னமே.
வெட்டினேன். ஈரம். தேங்காய்ப்பால் நிறம்.
ஒரு பொட்டுச் சீழில்லை.
முன்னங்காலைத் திருப்பிப் பார்த்தோம்:
வேலிக்கம்பி கீறிய கோடு,
அதன்மேல் ரோசா நிறத்தில் புதுத்தோல்.
நானா கத்தியைத் துடைத்தார், துடைத்த கத்தியையே மறுபடி துடைத்தார்.

வரைபில் இரண்டு மேடுகள், ஒன்று சுகம், ஒன்று நோய்.
நடுவில் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று காலைப் போட்டுப் படுத்திருக்கும்.
அந்த இடத்தில் பதினான்கு ஆடுகள்.
இவற்றை எந்தப் பக்கம் போட என்று கேட்டேன்.
டொக்டர் பனி படிந்த கண்ணாடியைக் கழற்றினார்.
சராசரியைக் கேட்டார். கொடுத்தேன்: மூன்று தசம் நான்கு.
அந்த அளவில் ஒரு ஆடுகூட இருக்கவில்லை.

இந்த வேலைக்கு வந்தபின் நானுஓயா பஸ்ஸில்
முடியை ஒதுக்குகிற மாதிரி
தாடைக்குக் கீழே தடவிப் பார்க்கிறேன்.
பக்கத்து சீட்டுக்காரியின் கழுத்தையும், பார்வையால்.
ஒன்றும் தெரிவதில்லை.
ஒன்றும் தெரியாதது நல்லதா என்று
பதினோராம் இலக்கத்தைக் கேட்கவேண்டும்.

படிவத்தில் கடைசி நிரலின் தலைப்பு: குறிப்பு.
யாரும் நிரப்புவதில்லை.
சப்பாத்தைக் கழுவிவிட்டேன், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது,
கதவு வரை போய்த் திரும்பி வந்து
பதினேழுக்கு நேரே எழுதினேன்:
கம்பி கீறல்.
ஆறிக்கொண்டிருந்தது.