சாம்பல் நிற மூடி

ஊதா மூடி ரத்த அணுக்களுக்கு.
மஞ்சள் மூடி ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும்.
சாம்பல் மூடி சர்க்கரைக்கு.
அஸ்தம்பட்டி லேப்பில் ஒன்பது வருடம்
மனிதர்களை நான் அறிந்தது இப்படித்தான்:
மூன்று குழாய், ஒரு பஞ்சு,
"மடக்கிப் பிடிங்க, தேய்க்காதீங்க."

என் குழாயை நானே நிரப்பியது
ஓர் ஆடி மாதம், கூட்டமில்லாத மதியம்.
இடது கையைக் கட்ட வலது கையும் பல்லும்.
முந்நூற்றுப் பன்னிரண்டு என்றது மெஷின்.
மெஷினைத் திட்டிவிட்டு மறுபடி ஓட்டினேன்.
முந்நூற்றுப் பத்து.
இரண்டு குறைந்ததில் ஓர் அற்ப சந்தோஷம்.

வயது முப்பத்து நான்கு.
சாப்பாடு, நின்றபடி ஒரு தட்டுவடை செட், இரண்டு டீ.
தூக்கம், மகன் இருமாத இரவுகளில் மட்டும்.
டாக்டர் மாத்திரை எழுதினார், நடக்கச் சொன்னார்.
நாள் முழுக்க நடக்கிறேனே சார்,
ஊசியோடு, கட்டிலுக்குக் கட்டில்.
சிரித்தார். அடுத்த டோக்கன்.

அப்புறம் நாகலூர் கேம்ப்.
காபித் தோட்டத்து ஆட்கள் அறுபத்து மூன்று பேர்.
பனியில் விறைத்த கைகளில் நரம்பு அகப்படவில்லை.
ஒவ்வொரு கையையும் என் கைக்குள் வைத்துச்
சூடேற்றித்தான் எடுத்தேன்.
ஐஸ் பெட்டியோடு இறங்கும்போது
பதினொன்றாவது கொண்டை ஊசி வளைவில்
வேன் நின்றுவிட்டது.
"பெல்ட் அறுந்திருச்சு அக்கா" என்று
அந்தோணி வண்டிக்கு அடியில் போனான்.
சிக்னல் இல்லை.
மஞ்சள் மூடிகளை இரண்டு மணி நேரத்துக்குள் பிரிக்க வேண்டும்.
கணக்குப் போட்டேன். கணக்கு முடிந்தது.
பிறகு செய்ய ஒன்றுமில்லை.
தடுப்புச் சுவரில் ஒரு குரங்கு
குட்டிக்குப் பேன் பார்த்தது, நிதானமாக.
கீழே வெள்ளைக்கல் சுரங்க மேடுகள்,
அதற்கப்பால் வெயிலில் கலங்கிய சேலம்.

யாரோ மூச்சிரைப்பது கேட்டது.
அந்தோணி இல்லை.
நான்தான்.
ஓடவில்லை, ஏறவில்லை, கல்லில் உட்கார்ந்திருக்கிறேன்.
ஆனாலும் துரத்தப்படுபவளின் மூச்சு.
எத்தனை வருடமாய் இப்படி?
இதற்கு எந்த நிற மூடி?

மலையிலிருந்து இறங்குபவர்கள்
ஞானத்தோடு இறங்குவார்களாம்.
நான் தலைவலியோடு இறங்கினேன்.
மாதிரிகள் கெட்டு, சம்பளத்தில் பிடித்தார்கள்.

சூரமங்கலத்தில் ஒரு கல்யாண மண்டபம்,
காலியாய் இருக்கும் நாட்களில் யோகா வகுப்பு.
முதல் மாதம் கால்விரலைத் தொடாமலே
தொட்டுவிட்டதாய் வீட்டில் பொய் சொன்னேன்.
மூச்சைக் கவனிக்கச் சொன்னால்
மளிகை பாக்கி ஞாபகம் வந்தது.
ஆனாலும் ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன்,
காலை எண்ணும் அதன் பக்கத்தில் முந்தைய நாளும்.
சண்டை போட்ட இரவு. ஏறியது.
பத்து மணிக்கே படுத்த இரவு. இறங்கியது.
வாடகை ஏறிய வாரம் முழுக்க ஏறியது.
ரிப்போர்ட்டில் ஈரலுக்கு ஒரு பக்கம்,
சர்க்கரைக்கு ஒரு பக்கம்.
வாடகை எந்தப் பக்கத்திலும் இல்லை.

மாத்திரையை நான் விடவில்லை.
விடலாமா என்று கேட்டு வருபவர்கள்
என்னிடம் ஏமாந்துதான் போகிறார்கள்.

இப்போது செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மொட்டைமாடி,
ஐந்தரை மணி, ஏழு பேர், என் எண்ணிக்கை.
"மெல்ல வெளியே விடுங்க" என்றேன்.
பதினான்கில் என் மூச்சு தீர்ந்தது.
குழந்தைவேல் மட்டும் விட்டுக்கொண்டே இருந்தார்.
கொலுசுக்குப் பற்றவைப்பவர்.
முப்பது வருடம் ஊதுகுழலில் தீயை வளைத்தவர்.
"வெளிய விட்டுத்தான் மேடம் பழக்கம்.
உள்ள இழுக்க யாரும் கூலி குடுக்கல."
எல்லோரும் சிரித்தார்கள்.
நான் அன்று அதற்குமேல் எண்ணவில்லை.

எட்டரைக்கு லேப். இன்னும் அங்கேதான் வேலை.
குழாயில் பெயர் ஒட்டுமுன் கேட்கிறேன்,
"ராத்திரி தூங்குனீங்களா?"
சிலர் முறைக்கிறார்கள். ஒருத்தி அழுதாள்.
பதில் எழுத ஃபார்மில் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதி வைக்கிறேன்,
பென்சிலால்.