வெள்ளிக்குள் சொல்லணும்

சரவணம்பட்டி, நான்காம் மாடி.
மூன்று வருஷம் சப்போர்ட்டில் புகார் கேட்ட காதுக்கு
ரெண்டு நாற்காலி காட்டினார்கள்.
ஏசிக்கு நேர் கீழே ஒன்று, கார்வேந்தன் அணியில்.
ஜன்னலோரம் இன்னொன்று, அஃப்ரோஸிடம்.
அங்கே, செயலியில் என்ன வரணும் என்று சொல்ல வேண்டும்.
இங்கே, வந்தது எதற்கென்று.
சம்பளம் ஏறக்குறைய ஒன்றுதான்.
"வெள்ளிக்குள்ள சொல்லிப்போடுங்க, கோகிலவாணி."

கார்வேந்தன் புராடக்ட் மேனேஜர்.
வேண்டாம் என்று சொல்லியே சம்பாதிப்பவர்.
விற்பனைக்காரர்கள் நாற்பது கேட்டால்
மூன்றை வைத்துக்கொண்டு
முப்பத்தேழு பகையை வளர்ப்பார்.
கோட் எழுதுவதில்லை. யாருக்கும் முதலாளியும் இல்லை.
சர்வர் படுத்தால் மட்டும்
அவர் போன்தான் முதலில் அலறும்.
"அப்ப என்னதானுங் பண்றீங்க?" என்று
வீட்டுக்கடன் அதிகாரி கேட்க
கால் மணி நேரம் விளக்கினாராம்.
அதிகாரி 'கம்ப்யூட்டர்' என்று எழுதிக்கொண்டார்.

அஃப்ரோஸ் புராடக்ட் மார்க்கெட்டிங்.
'ஒருங்கிணைந்த தீர்வு' என்று எவராவது எழுதினால்
சோற்றில் கல் கடித்த முகம்.
"எந்த ஊர்ல இப்படிப் பேசறாங்க?"
விற்றால் சரக்கு நல்லது,
விற்காவிட்டால் சொன்ன விதம் சரியில்லை.
இந்த நியாயத்தைத் தினமும்
நாலு மணி டீயோடு விழுங்குகிறாள்.

செவ்வாயன்று மூவரும் திருப்பூர் போனோம்.
நல்லூரில் ஒரு பனியன் கம்பெனி.
செக்கிங் மேஜையில் மல்லீஸ்வரி,
விரலில் நூல் வெட்டும் கத்தரி.
எத்தனை கட்டு தையலுக்குப் போச்சு, எத்தனை திரும்பிச்சு:
எங்கள் செயலிக்கு அதுதான் வேலை.
ஆறு மாசம் உழைத்த அறிக்கைப் பக்கத்தை
அவர் திறந்ததே இல்லை.
எண் வந்ததும் திரையைப் படம் பிடிக்கிறார்,
ஜாப் ஒர்க்காரருக்கு வாட்ஸப்பில் தட்டிவிடுகிறார்.
அவ்வளவே.
"இப்பெல்லாம் சண்டை வர்றதில்லீங்."

கார்வேந்தன் குறித்தார்:
அனுப்பும் பொத்தான் இங்கேயே. அறிக்கைப் பக்கம், தூக்கு.
அஃப்ரோஸ் குறித்தாள்:
இப்பெல்லாம் சண்டை வர்றதில்லீங்.
புள்ளி உட்பட, அப்படியே.

நான் கேட்டேன்,
"முன்னெல்லாம் பீஸ் கொறஞ்சா யாருங்க காசு கட்டுவாங்க?"
கத்தரி நிற்கவில்லை.
"என்ற கூலில புடிப்பாங்க, வேற யாரு."

திரும்பும் வழியில் தூறல்.
கருமத்தம்பட்டி வரைக்கும் இருவருக்கும் வாக்குவாதம்.
"பொத்தானே இல்லாம எதைச் சொல்லுவே?"
"சொல்லத் தெரியாத பொத்தான் எதுக்கு?"
பின்சீட்டில் எனக்கு
மல்லீஸ்வரியின் கட்டைவிரல்தான் ஓடியது.
படம் பிடிக்கும் முன்
மேல் மூலையில் மணி தெரிகிறதா என்று
ஒரு தரம் பார்த்துக்கொள்ளும் விரல்.
சாட்சிக்கு.

வியாழன் இரவு எழுதினேன்:
ஏசிக்குக் கீழே உட்கார்ந்துகொள்கிறேன். சால்வை என் செலவு.
கூடவே, யாரும் கேட்காத முதல் வேலைக் குறிப்பு:
அனுப்பும் படத்தில் தேதியும் மணியும் பெரிதாக விழ வேண்டும்.
காரணம்: ஒருத்தி கூலி.

வெள்ளி காலை, லிஃப்டில்,
அஃப்ரோஸ் கோபமாகத்தான் இருந்தாள்.
மூன்றாம் மாடி தாண்டியதும் சொன்னாள்,
"அந்தக் காரணத்தை எனக்கு அனுப்பு.
பேனர்ல போட முடியாது.
இருந்தாலும் அனுப்பு."