பட்டன் அளவு

சால்மியா படகுத்துறையில்
பட்டியலைச் சரிபார்க்கிறவர் என் சிவில் ஐடியை
முகத்தோடு ஒட்டிவைத்துப் பார்த்தார்.
படத்தில் இருப்பவள் ஒன்பது வருடம் இளையவள்.
இரவுப்பணி முடித்து நேராக வந்தவள் அல்ல.
நான்தான் என்றேன்.
அவர் நம்பி முடிப்பதற்குள்
ஜெனிஃபாவின் மகன்
இரண்டு பாக்கெட் சிப்ஸைக் காலி செய்திருந்தான்.

ஆடி மாதம்.
ஊரில் இந்தக் காற்றில் அம்மி பறக்கும் என்பார்கள்.
இங்கே காற்றே அம்மி.
நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டு
இறங்க மாட்டேன் என்கிறது.

மேல்தளத்தில் கைப்பிடிக் கம்பி சுட்டது.
கீழ்த்தளத்தில் ஏசி, ஏசிக்குள் டீசல் வாடை,
டீசல் வாடைக்குள் ஜெனிஃபா கட்டிவந்த புளிசாதம்.
கடல் பச்சையா நீலமா என்று
ரூபஸ் அண்ணனுக்கும் பையனுக்கும் சண்டை.
என்னை நடுவராகக் கூப்பிட்டார்கள்.
விடிய விடிய மானிட்டர் பார்த்த கண்ணுக்கு
தொடுவானம் ஒரு நேர்கோடு.
அதைச் சொல்லவில்லை.
பச்சை என்றேன்.

ஃபைலகா.
முதலில் ஒட்டகங்கள், பிறகு வீடுகள்.
தொண்ணூறில் போனவர்கள்
குடியிருக்கத் திரும்பவில்லை என்றார் வேன் ஓட்டுநர்.
சுவரெல்லாம் அம்மைத் தழும்பு போலக் குண்டுத் துளைகள்.
ஒரு வீட்டில்
ஜன்னல் ஏசி இருந்த சதுரம் மட்டும் மிச்சம்.
அதன் வழியே தெரிந்த வானம்
குளிர்ச்சியாக இருப்பதுபோல் நடித்தது.

அருங்காட்சியகம் என்பது இரண்டே அறை.
காவலர் சில்ஹெட்காரர்,
எங்களைப் பார்த்ததும் விசிறியை எங்கள் பக்கம் திருப்பினார்.
கண்ணாடிக்குள் ஒரு முத்திரை.
நாலாயிரம் வயது. சட்டைப் பட்டன் அளவு.
மாக்கல்லாம்.
கல்சட்டி செய்கிற அதே கல்.
அதில் இரண்டு ஆடு, ஒரு பிறை,
குடத்தில் குழல்விட்டு உறிஞ்சுகிற ஓர் ஆள்.
"இந்த நாட்டிலயா?" என்றார் ரூபஸ் அண்ணன்.
மொழி புரியாமலே காவலர் சிரித்தார்.

வணிகனின் முத்திரை.
ஈரக் களிமண்ணில் ஓர் அமுக்கு,
மூட்டை கரையிறங்கிவிடும்.
மறுபேச்சில்லை.
நான் மூன்று தடவை விண்ணப்பம் போட்டேன்.
சம்பளத்தில் எழுபது தினார் குறைகிறதாம்.
மூன்று தடவையும் கணவரின் படம், மகளின் படம்,
வெள்ளைப் பின்னணி, காது தெரிய.

கல்லில் இடம் பார்க்கிற ஆடு
மண்ணில் வலம் பார்க்கும்.
எல்லாம் திருப்பித்தான் செதுக்கியிருக்கிறான்.
அழுத்துகிற நொடிக்காக
வாழ்நாள் முழுக்கத் தலைகீழாக யோசித்த ஒருவன்.
இதற்கு மேல் அவனைப் பற்றி
அந்த அட்டையில் எழுதவில்லை.

வீடியோவில் மகிழினிக்குக் காட்டினேன்.
படம் உறைந்தது, அசைந்தது, உறைந்தது.
"அம்மா, அது பட்டனா?"
ஆமாம் என்று சொல்வது எளிதாக இருந்தது.
"யார் சட்டைல இருந்து விழுந்துச்சு?
தேடி வருவாங்கல்ல?"
அதற்குள் சிக்னல் போயிற்று.
நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது பையன் வாந்தி எடுத்தான்.
இரண்டு பாக்கெட் சிப்ஸும் புளிசாதமும்.
விடுமுறையிலும் பை பிடிக்கிற கை என்னுடையதுதான்.
துடைத்துவிட்டு,
உயிர்காப்பு அங்கி ஒன்றை மடித்துத் தலைக்கு வைத்து
எப்போது தூங்கினேன் என்று தெரியாது.

கரையில் தட்டி எழுப்பிய ஜெனிஃபா
வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள்:
"ஏய், கன்னத்துல சீல் குத்தியிருக்காங்க பாரு!"
தடவினால் அங்கியின் கொக்கி,
வார்ப்பட்டையின் இரண்டு கோடு,
ஏதோ எழுத்து, திருப்பி விழுந்திருந்தது.

இறங்கும்போது
யாரும் அட்டை கேட்கவில்லை.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அந்தக் கன்னம் தெரிய உட்கார்ந்தேன்.
ஃபர்வானியா வருவதற்குள்
அழிந்துவிட்டது.