ஐந்து நிமிடம்

ஆவோஸ்தா பள்ளத்தாக்கில் ஒரு பள்ளி விளையாட்டுக்கூடம்.
கூடைப்பந்து வளையத்தின் கீழ் மடக்குக் கட்டில்,
என் அல்ட்ராசவுண்ட் கருவி,
குளிரில் இறுகிப்போன ஜெல் பாட்டில்.

இரவு இரண்டே காலுக்கு
எர்சிலியா பியோனா வந்து படுத்தாள்.
முப்பத்தொன்பது மணி நேரம் மலையேறி இறங்கியவள்.
வயது ஐம்பத்திரண்டு, பாலாடைக்கட்டிக் கிடங்கில் வேலை.
ஷூவைக் கழற்ற வேண்டாம் என்றாள்,
கழற்றினால் மறுபடி கால் நுழையாது.

முன்கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன்.
"ஐந்து நிமிடம் அசையக் கூடாது."
சிரித்தாள்.
அத்தனை மைலிலும்
யாரும் அவளிடம் கேட்காத ஒன்று அது.

விரல்கள் வெளுத்தன.
திரையில் அவள் தமனி:
இரண்டு வெள்ளைக் கோடு, நடுவே இருட்டு.
கோட்டின் உள்முகத்தில்
ஒற்றைச் செல் கனத்தில் ஒரு சவ்வு,
என் கருவிக்கு அகப்படாத மெல்லிசு.
இரத்தம் உரசிப் போகும்போது
விலகிக்கொள் என்று தசைக்குச் சொல்வது அதுதான்.

அடுத்த மேசையில் நிவெஸ்
குழாய்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள்.
வெள்ளையணுக்கள் மூன்று மடங்கு, என்றாள் நிமிராமலே.
அழற்சி என்று படிவத்தில் குறித்தேன்.
சொல்லுக்குள்ளேயே அழல் இருக்கிறது,
எரிவது எது என்றுதான் இல்லை.
தொடையில் எங்கோ கிழிந்த இழைக்கு
ஊரெல்லாம் தீயணைப்பு வண்டி;
வருகிற வேகத்தில்
சந்துச் சுவர்களையும் உரசிவிட்டுப் போகிறது.

பட்டையை அவிழ்த்தேன்.
அடைபட்டது பாய்ந்தது, ஒலிபெருக்கியில் சூறைக்காற்று.
புறப்படும் முன் இதே கை
மூன்று புள்ளி நான்கு மில்லிமீட்டரிலிருந்து
மூன்று புள்ளி ஏழுக்கு விரிந்தது.
இப்போது கோடுகள் நகரவில்லை.
அறுபது விநாடி பார்த்தேன். தொண்ணூறு.
சொன்னது கேட்டிருக்கும்.
சொல்லத்தான் ஆளில்லையோ என்னவோ.

"கெட்டுப்போச்சா?"
"இந்த ராத்திரிக்கு இப்படி" என்றேன்.
அதற்கு மேல் எனக்குத் தெரியாது.
தெரிந்தவர்களும் இரண்டு கட்சி.

மூன்றாம் நாள் வரச் சொல்லியிருந்தோம்.
வரவில்லை. அவள் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

ஆறாம் நாள் செருப்போடு வந்தாள்,
இரண்டு நகம் கறுத்து,
கம்பளிச் சட்டையில் மோர் வாசனை.
வெயில் பலகைத் தரைவரை வந்திருந்தது.
அதே பட்டை, அதே ஐந்து நிமிடம்.
மூன்றாவது நிமிடத்தில் தூங்கிவிட்டாள்.

அவிழ்த்தேன்.
தூங்குகிறவளைக் கேட்காமல்
கோடுகள் மெல்ல விலகின.
மூன்று புள்ளி ஆறு. கொஞ்சம் பாக்கி.

ஜெல்லைத் துடைக்க வேண்டும், எழுப்ப வேண்டும்,
விழித்ததும் அடுத்த ஓட்டத்தின் தேதியைச் சொல்வாள்.
துணியைக் கையில் வைத்துக்கொண்டு
இன்னும் உட்கார்ந்திருக்கிறேன்.