மூன்றாவது நீலக் குழல்

மாசி பிறந்து பதினாறு நாள்.
அதற்குள் மூன்றாவது குழலுக்கு வந்து நிற்கிறார் வேதரெத்தினம்.
புருவத்தில், காது மடலில், சட்டைக் காலர் மடிப்பில்
நெல்லின் சுணை.
நீடாமங்கலம் கூட்ஸ் ஷெட்டில் இன்று
நாற்பத்திரண்டு வேகன் ஏற்றியாகிவிட்டது.

"கம்பெனிக்காரன் வெறுங்காத்த அடைச்சு விக்கிறானா தங்கச்சி?
முன்னெல்லாம் ரெண்டு இழுப்பு.
இப்ப எட்டு இழுத்தாலும்
நெஞ்சுல பூனை கத்துது."

மருந்தில் பழுதில்லை.
தேதி பார்த்தேன், குலுக்கியும் பார்த்தேன்.

மூச்சுக்குழலைச் சுற்றிய தசையில்
ஒவ்வொரு செல்லின் தோலிலும்
ஏழு முறை உள்ளும் வெளியுமாய்த் தைத்த நூல்போல் இருக்கிறது
ஏற்பி.
மருந்து அதன் மடியில் வந்து விழுந்தால்
சற்றே நெளியும்.
அந்த நெளிவுதான் செய்தி.
தசை பிடி தளரும், காற்று நுழையும்.
இவ்வளவு எழுதினால் ஐந்து மதிப்பெண்.

மீதி ஐந்துக்கு:
நெளிந்த வாலைப் பார்த்து ஒரு நொதி வரும்,
பாஸ்பேட் பொட்டு வைக்கும்.
பொட்டைப் பார்த்து அரெஸ்டின் வரும்,
கதவின் உட்புறம் சாய்ந்து நிற்கும்.
வெளியே தட்டுவது கேட்டுக்கொண்டுதான் இருக்கும்.
உள்ளே யாருக்கும் சொல்லாது.
பிறகு சவ்வு குழியும்,
குழி பையாகும்,
பை ஏற்பியோடு உள்ளே இறங்கும்.
சில, பொட்டு அழிந்து, மருந்தை உதறிவிட்டு
மறுபடி மேலே வரும்.
சில லைசோசோமுக்குப் போகும்.
போனால் போனதுதான்.

யாரும் வெளியிலிருந்து பூட்டவில்லை.
திறந்த கதவின் உருவமே
தாழ்ப்பாளை அழைக்கிறது.
தேர்வில் இதை நான் எழுதவில்லை.
தாளில் இடம் இருந்தது.

மூணாறு தலைப்பில் ஷட்டர் இறக்க
ஒரு லஸ்கர் வேண்டும்,
மேலிடத்துப் போன் வேண்டும்,
எத்தனை கன அடி என்று எழுத ஒரு நோட்டு வேண்டும்.
இங்கே தண்ணீரே
தன் தலைக்கு மேல் ஷட்டரை இழுத்துக்கொள்வதுபோல
என்று யோசித்தேன்.
பொருந்தவில்லை.
நேற்று எத்தனை முறை வந்தோம் என்று
தண்ணீர் கணக்கு வைப்பதில்லை.

"நிறைய தடவை கூப்பிட்டா
உள்ள போய் உக்காந்துக்கும்ணே" என்றேன்.
"எது?"
"மருந்தை வாங்கிக்கிறது."
"எங்க மேஸ்திரி மாதிரியா?
கூலிக்குப் போன் அடிச்சா மொத ரிங்குல எடுப்பாரு.
எட்டாவது தடவ
போனு எங்கயோ அடியில கெடக்கும்."
சிரித்தார். சிரிப்பு இருமலாகி
கண்ணாடி அலமாரியைப் பிடித்துக்கொண்டார்.

"மேஸ்திரி வேணும்னு பண்றாருண்ணே.
இது செல்லு, தன்னைக் காப்பாத்திக்குது."

"என்னைய?"

பழுப்புக் குழலை எடுத்து மேசையில் வைத்தேன்.
இது கூப்பிடாது,
வீக்கத்தை அடக்கும்,
புதிதாக ஏற்பி செய்யச் சொல்லும்,
உடனே தெரியாது,
மூச்சு நல்லா இருக்கிற நாளிலும் ரெண்டு வேளை,
சீட்டு வேணும், சனிக்கிழமை பெரியாஸ்பத்திரியில்
நெஞ்சு டாக்டர் இருப்பார்.

"சனிக்கிழமை ரேக்கு இருக்கு தங்கச்சி."

நீலத்தை மட்டும் மடியில் செருகினார்.
ஒரு துண்டுச்சீட்டில் பழுப்பின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.
அதை வாங்கி, அட்டைக்குள் நுழைத்து,
தெருவுக்கு இறங்கினார்.
கேட் போட்டிருந்தது.
மன்னார்குடி பஸ், இரண்டு டிராக்டர், ஒரு கல்யாண வேன்,
எல்லாவற்றுக்கும் முன்னால் இவர்.
அவர் ஏற்றிய நெல் அவரை நிறுத்திவைத்துக் கடந்தது.
தோள்களைக் காதுவரை தூக்கித் தூக்கி
வேகன்களை எண்ணிக்கொண்டிருந்தார்.
பதினெட்டில் ஒருமுறை குழலைத் தொட்டார்.
எடுக்கவில்லை.

கடைக்கும் கேட்டுக்கும் இருபதடி.
வேலைக்குச் சேர்ந்த வாரம்
அந்த மணிக்குத் திடுக்கிட்டு
மாத்திரைகளைக் கொட்டியிருக்கிறேன்.
இன்று
அடித்திருக்கத்தான் வேண்டும்.