ஒரே கதவிலக்கம்

ஞாயிறு இரவு பத்தரைக்கு ஏலம் முடிந்தது.
வால்வு ரேடியோவின் டயல் கண்ணாடி,
கொழும்பு, திருச்சி, பெர்லின் என்று
ஊர்ப்பெயர்கள் அழியாதது,
எண்ணூற்று நாற்பதுக்குப் போனது.
முந்நூறைத் தாண்டாது என்றிருந்தேன்.

உடனே செய்தி:
"மேடம், புதன்கிழமை எடுத்த திருகு நாலையும்
போன வாரத்து ஸ்பீக்கர் துணியையும்
ஒரே பெட்டியில் சேர்த்து அனுப்புங்க.
மூணு தடவை தபால் காசு கட்டி முடியாது."
நியாயம்தான்.

அரைக் கிலோ வரை ஒரு விலை.
ஒரு கிராம் கூடினாலும் தபால் தராசு
அடுத்த படியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.
எங்கள் வீட்டுத் தராசு கோதுமை மாவு நிறுப்பது.
துணி முப்பத்தொன்று. திருகுகள் தொண்ணூற்றாறு.
கண்ணாடி இருநூற்றுப் பதினெட்டு,
அதைத் தாலாட்டும் குமிழித்தாள், அட்டை, நாடா
எல்லாம் சேர்த்து நானூற்று எண்பத்தேழு.
பிழைத்தேன், பதின்மூன்று கிராமில்.

ஆன்டாப் ஹில் அறை பத்துக்குப் பத்து.
கட்டிலுக்கு மேல் அடித்த பலகையில்
"இன்னும் ஒண்ணு எடுக்கிறேன், பொறுங்க" என்றவர்கள்
பெட்டி பெட்டியாகப் பொறுத்திருக்கிறார்கள்.
கோவில்பட்டிக்காரர் சித்திரையில் சொன்னது,
இப்போது ஆடி மழை தகரத்தை அறைகிறது;
மூடாத அவர் பெட்டியில்
பூனை ஒன்று குட்டி போட இடம் பார்த்தது.

முகவரி எழுத உட்கார்ந்தேன்.
பி. அருள்வேந்தன், கதவிலக்கம் 41, புதுக்கோட்டை.
பேனா நின்றது.
இதே நாற்பத்தொன்றை
இந்தக் கை முன்பே எழுதியிருக்கிறது.

நோட்டைப் புரட்டினேன்.
பி. இளம்பரிதி, 41, மாடி.
அதே தெரு, அதே முதலெழுத்து.
பலகையில் அவர் பெட்டியும் இருக்கிறது:
அதே ரகத்து ரேடியோவின் வால்வு ஐந்து,
பின்பக்க அட்டை.

ஏலத்தின் ஏணியைத் திறந்து பார்த்தேன்.
முந்நூறு, கீழ்வீடு.
முந்நூற்றைம்பது, மாடி.
கீழ்வீடு. மாடி. கீழ்வீடு. மாடி.
கடைசி ஒன்பது நொடியில் கீழ்வீடு.
ஒருவர் தலைக்கு மேல் ஒருவர்
செல்பேசியைப் பிடித்து மூச்சடக்கி இருக்க,
நடுவில் ஒரு தளம், ஒரு மின்விசிறி,
எனக்கு ஐந்நூற்று நாற்பது ரூபாய்.

பேசாமலா இருப்பார்கள்?
தண்ணீர் மோட்டார், குப்பை வண்டி,
வீட்டு வரி ரசீது பற்றியெல்லாம் பேசுவார்கள்.
எனக்கென்ன தெரியும்.

இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால்
ஒரு கிலோவுக்குள் அடங்கும்.
ஆளுக்கு அறுபத்திரண்டு ரூபாய் திருப்பித் தரலாம்.
ஒரே முகவரி என்றால் ஒரே பெட்டி,
நானே எழுதிவைத்த விதி.
கூடு மட்டும்தான் குறை,
மற்றபடி ஒரு ரேடியோவே போய் இறங்கும்.

அதை யார் பெயருக்கு எழுதுவது?

செவ்வாய்க்கிழமை மாட்டுங்கா தபால் நிலையத்தில்
சாவந்த் இரண்டு பெட்டியையும் பார்த்துவிட்டு
"ஒரே வீடுதானே, ஏன் தண்டச் செலவு?" என்றார்.
"வீடு ஒன்று, அடுப்பு ரெண்டு" என்றேன்,
எனக்கு வந்த மராத்தியில்.
மேற்கொண்டு கேட்காமல்
முத்திரையை ஓங்கிக் குத்தினார், இரண்டு தடவை.

சனிக்கிழமை மாடியிலிருந்து செய்தி:
"பாக்கிங் பிரமாதம் மேடம். ஐஞ்சு வால்வும் உசுரோட இருக்கு.
அந்த டயலை எடுத்தவர் எந்த ஊரு?
ஆயிரம் தர்றேன், கேட்டுச் சொல்லுங்க."

"தபால் செலவே ஆகாத தூரம்தான்" என்று அடித்தேன்.
அழித்தேன்.
"வாங்குபவர் விவரம் தருவதில்லை" என்று அனுப்பினேன்.

சோர் பஜாரில் நேற்று ஒரு கூடு கிடைத்தது.
தேக்கு, அந்த ரேடியோவுக்கே அளவெடுத்தது போல.
ஆறு கிலோ, எதோடும் சேர்த்து அனுப்ப முடியாது.
படம் எடுத்தாயிற்று, நீள அகலம் எழுதியாயிற்று.
முடியும் நாள், ஞாயிறு.
தொடக்க விலைக்கான கட்டத்தில்
கோடு மின்னி மின்னி நிற்கிறது.